மணியை அமுக்கினேன், டிக் அடித்தேன்

மூடியிருக்கும் கதவுகளுக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரிவதற்குப் பெயர்தான் வீடு சந்திப்பு. சிலிண்டர் போடுகிறவர்கள், சொட்டு மருந்து ஊற்ற வருகிற நர்சம்மாக்கள், பூத் சீட்டு கொடுக்க அலைகிற டீச்சர்கள், உங்களுக்கெல்லாம் இதை விளக்கத் தேவையில்லை. உள்ளே டி.வி. ஓடும், மிக்ஸி ஓடும், யாரோ தும்முவதுகூடக் கேட்கும். கதவு மட்டும் திறக்காது. நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். நான் பட்டதற்கு முன்னும் பின்னும் ஒரு ஜெபம் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷம் அட்டைப்பெட்டி மடித்தேன். இடுப்பு போனதும் கம்பெனி அனுப்பிவிட்டது. மீஞ்சூர் பக்கத்திலுள்ள எங்கள் சபை 'பைபிள் உமன்' என்று பேர் வைத்துச் சேர்த்துக்கொண்டது. சபைக் குடும்பங்களின் வீடுகளுக்கு மாதம் ஒருமுறை போக வேண்டும், சபைப் பத்திரிகையைக் கொடுக்க வேண்டும், நலம் விசாரித்து ஜெபம் பண்ண வேண்டும், பச்சை நோட்டில் அந்த வீட்டுக்கு நேராக டிக் அடிக்க வேண்டும்.

போன வருஷம் அந்தப் பச்சை நோட்டுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிடம் எழும்பிவிட்டது. உள்ளே இடம் போதவில்லை. கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. ஒரு வருஷமாக அப்பமும் திராட்சரசமும் வாங்கி நற்கருணை எடுக்காதவர், கடைசி மூன்று மாத வீடு சந்திப்பிலும் அகப்படவில்லை என்றால், அவர் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. பெயர் இல்லாதவருக்குக் கல்லறையில் இடமும் இல்லை. நற்கருணைக்கு வராதவர்கள் என்று எழுதி ஒட்டிய தாளில் ஞானமுத்து ஐயா பெயரும் இருந்தது. மின்நிலையத்தில் பாய்லர் பக்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்துப் பாதிக் காதைத் தொலைத்தவர். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாவது மாடியைவிட்டு இறங்காதவர். அவர் மனைவி ரூத்தம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் அவருக்காகவே காலியாகக் கிடக்கிறது. ரூத்தம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு மறக்கவில்லை. "கிருபா, அந்த மனுசன் வாயத் தொறந்து எதையும் கேக்க மாட்டாரு. நீ போய்ப் பாத்துக்கினு இரு."

ஷூ ஸ்டாண்டு

புது அடுக்குமாடி வீடுகளில் வரவேற்பறை என்பது வாசலுக்கு வெளியே இருக்கிற ஷூ ஸ்டாண்டுதான். பால் பாக்கெட், கூரியர், பைபிள் உமன் கொண்டுவரும் பத்திரிகை எல்லாம் அதன் தலைமேல் இறங்கும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சென்னைக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள். சபையில் கல்யாணம் ஆனவர்கள், கல்யாணத்தன்று பலிபீடத்துக்கு முன்னால் நின்று விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டவர்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய செருப்பைத்தான் நான் மாதா மாதம் சந்தித்தேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் அந்தப் பெண் லிஃப்டுக்கு ஓடுகையில் அகப்பட்டாள். "பத்திரிகை படிக்கிறியாம்மா? இந்த மாசம் பாஸ்டர் குடும்ப ஜெபத்தப் பத்தி எழுதிகீறாரு" என்றேன். அவள் நல்ல பெண், பொய் சொல்லவில்லை. மழையில் நனைந்த ஷூவைக் காட்டினாள். இரண்டிலும் வாய்வரை பத்திரிகை திணித்திருந்தது. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆன்ட்டி, மத்த பேப்பரைவிட இது சூப்பரா தண்ணி இழுக்குது."

எல்லோரும் வந்தார்கள்

சபைக்கு இப்போது வாட்ஸப்பில் ஒரு ஜெபக் குரூப் இருக்கிறது. அதற்கு அட்மின் சபைச் செயலர் சாமுவேல் சார். பேட்டையில் பெரிய கம்பெனியில் ஹெச்.ஆர். அதிகாரி, சபையையும் அப்படித்தான் நடத்துகிறார். ஸ்டெல்லா என்கிற பெண் தன் மாமியார் பாத்ரூமில் விழுந்து கையை உடைத்துக்கொண்டதைக் குரூப்பில் போட்டாள். அரை மணி நேரத்தில் கைகூப்புகிற படமாக வந்து விழுந்தது. புறா, மெழுகுவர்த்தி, ரோஜாப்பூ எல்லாம் வந்தன. ஒருவர் அவசரத்தில் பிறந்தநாள் கேக் படத்தைப் போட்டுவிட்டு அழித்தார்.

நான் ரசமும் சோறும் கட்டிக்கொண்டு போனேன். ஸ்டெல்லா ஒரு கையால் மாமியாரைத் தாங்கிக்கொண்டு மறு கையால் தண்ணீர் கேனைத் தூக்க முடியாமல் நின்றாள். குரூப்பில் ஆமென் போட்டவர்களில் நாலு குடும்பம் அதே பிளாக்கில் இருக்கிறது. ஒரு குடும்பம் அதே மாடியில், இரண்டு கதவு தள்ளி. "யாரும் எட்டிப் பாக்கலியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு என்மேல் கோபமே வந்துவிட்டது. "இன்னாக்கா அப்பிடி சொல்லிட்டீங்க? எல்லாரும் வந்தாங்களே, குரூப்புல."

ஒன்றரை மடங்கு வேகம்

கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு வேலை பார்க்கிற தம்பி ஒருவன் ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை. நைட் ஷிப்டு முடிந்த உடம்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு செல்போனில் ஆராதனை பார்ப்பதாகச் சொன்னான். சந்தோஷப்பட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். போனுக்குள் எங்கள் பாஸ்டர் எறும்பு கடித்தவர்போலக் கையை ஆட்டி ஆட்டி, மூச்சு விடாமல், கீச்சுக் குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, பாஸ்டருக்கு உடம்பு சரியில்லியா?" என்று பயந்தே போனேன். அவன் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறான். பாட்டை இரண்டு மடங்கில் ஓட்டுவானாம், அறிவிப்பைத் தாண்டிவிடுவானாம். இருபத்தைந்து நிமிஷத்தில் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடுகிறது. முகத்தில் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சொன்னான்: "இப்பத்தான் யக்கா மனுசன் சுருக்கமா பேசறாரு."

எதிர்வீட்டுக்காரர்

ஞானமுத்து ஐயா இருக்கிற பிளாக்கில் ஒரு மாடிக்கு இரண்டே வீடு, எதிரும் புதிருமாக. அவருக்குக் காது மந்தம் என்பதால் நான் வாசலில் நின்றே "ஐயா! கிருபா வந்துகீறேன்!" என்று குரல் கொடுப்பேன். சேலையூர்வரை கேட்கும் என்பார் என் வீட்டுக்காரர். ஐயா வந்து கதவைத் திறப்பார். ஜெபமும் அவர் காதுக்கு எட்டுகிற அளவில்தான். ஈஸ்டருக்கு முந்தின மாதம் அப்படி உரக்க ஜெபம் பண்ணிவிட்டு வெளியே வந்தேன். எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓர் இளைஞர் நின்றார். காதில் ஹெட்போன், மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கி.

அவரும் கிறிஸ்தவர்தான், வேறு சபை. வாசலில் வசனம் எழுதின பலகை மாட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு டி.வி.யில் பிரசங்கியார் போடுகிற சத்தத்துக்கு லிஃப்டு நடுங்கும் என்று வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் என் சத்தம் அவருடைய ஆபீஸ் மீட்டிங்கில் கேட்டுவிட்டதாம். அசோசியேஷனில் எழுதிக் கொடுப்பேன் என்றார். வேலை போய்விடுமோ என்று பயந்து மன்னிப்புக் கேட்டேன். கதவை மூடுவதற்கு முன் எனக்கு ஓர் ஆலோசனையும் கொடுத்தார். "கொஞ்சம் மியூட்ல ஜெபம் பண்ணுங்க மேடம். கர்த்தருக்குக் கேக்கும்."

நீல வெளிச்சம்

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை போனேன். ஐயா வீட்டுக்கு எப்போதும் முதல் சனிக்கிழமை காலையில்தான் போவது. வாசலில் பழைய மணியைக் காணோம். அந்த இடத்தில் கண்ணாடிக் கண்ணோடு ஒரு புது மணி. அமுக்கினதும் சுற்றி நீல வெளிச்சம் எரிந்தது. உள்ளிருந்து குரல் வந்தது. "யெஸ், சொல்லுங்க." ஐயாவின் மகன் டேனியல் குரல். அவன் வேப்பம்பட்டில் புது வீடு கட்டிக்கொண்டு போனவன், அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறான் போல என்று எனக்கு மனசு குளிர்ந்தது. "ஸ்தோத்திரம் தம்பி, சர்ச்சுலேருந்து கிருபா" என்றேன். "அக்கா, அப்பா தூங்கறாரு. பேப்பரை ஷூ ஸ்டாண்டு மேல வெச்சிட்டுப் போங்க." ஐயா ஆலயத்துக்கு வர முடியாததால் வீட்டிலேயே நற்கருணை கொடுக்கலாம், பாஸ்டரை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். "தேவைன்னா நாங்களே சொல்றோம்க்கா." சரி என்று அந்த நீல வெளிச்சத்துக்கு முன்னால் முக்காடு போட்டு, கண்ணை மூடி, எதிர்வீட்டுக்குக் கேட்காமல் முணுமுணுவென்று ஜெபம் பண்ணினேன். டிக் அடித்தேன்.

மறு மாதமும் அதே குரல், அதே தூக்கம், அதே ஷூ ஸ்டாண்டு. இறங்கி வந்து முனுசாமி அண்ணனிடம், "டேனியலு அப்பாவ நல்லா பாத்துக்கறான்ணா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டேனியலா? அவரு பொங்கலுக்கு வந்துட்டுப் போனதுதான். இந்த மணியக்கூட ஆள அனுப்பித்தான் மாட்டினாரு. அத அமுக்கினா அவரு ஆபீஸ்ல போன் அடிக்கும், அங்கேந்தே பேசுவாரு."

அப்போதாவது நான் மறுபடியும் மேலே ஏறியிருக்க வேண்டும். போன் போட்டுப் பார்த்தேன். மகன் வாங்கிக் கொடுத்த தொடுகிற போனை எடுக்க ஐயாவுக்குத் தெரியவில்லையோ என்னவோ, அடித்து அடித்து ஓய்ந்தது. மணி உள்ளேயும் அடித்திருக்கும், நிஜமாகவே தூங்குகிறார், இல்லையென்றால் திறக்க மாட்டாரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் பாய்லர் கதை கேட்க வேண்டும். மணியிடம் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிகிறது. ஐந்து மாதம் ஐந்து டிக். ஐந்தாவது தடவை நான் இறங்கத் திரும்பியபோது, படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முனுசாமி அண்ணன் கேட்டார்: "மணி முன்னால கண்ண மூடிக்கினு நிக்கிறியே யக்கா, அது ஆமென் சொல்லுதா?"

பக்கத்து வீடு

அடுத்தவர்களையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? நாங்கள் இருப்பது வரிசையாகக் கட்டின ஆறு வாடகை வீடுகளில் ஒன்று. சுவருக்குச் சுவர் ஒட்டினது. அந்தப் பக்கம் ஒடிசாவிலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவன் இரும்பு கம்பெனியில் வேலை. பாஷை தெரியாது என்று நான் பேசப் போகவில்லை. பேசாமலேயே சிரிக்கலாம் என்பது பைபிள் உமனுக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் சுற்றி வந்த களைப்பில் சாப்பிட உட்கார்ந்து, "இந்த ஜனங்களுக்கு அன்பே இல்ல, பக்கத்துல செத்தாலும் தெரியாது" என்று புலம்பினேன். என் வீட்டுக்காரர் குழம்பை ஊற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "பக்கத்து ஊட்டுல கொழந்த பொறந்து ஒம்போது நாளாவுது. ஊரெல்லாம் சுத்தறியே, அது ஆணா பொண்ணா சொல்லு பாப்போம்."

ஒரு கடிதம்

ஒரு வியாழக்கிழமை சாமுவேல் சார் என்னை ஆலய அலுவலகத்துக்கு வரச் சொன்னார். மேஜைமேல் என் பச்சை நோட்டும், அதன்மேல் தபாலில் வந்த ஒரு கடிதமும் இருந்தன. ஞானமுத்து ஐயா கையெழுத்து, கோணல்மாணலாக. "எனது பெயரைச் சபைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடவும். என் மனைவி இறந்த பின் கொஞ்ச நாள் வந்தார்கள். ஐந்து மாதமாக என்னைத் தேடி யாரும் வரவில்லை. நானாகப் போய்விட்டால் உங்களுக்கும் சிரமம் இல்லை." அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஐந்து மாதம் முழங்கால் வலியோடு போய் நின்றவள் நான். யாரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்! ரூத்தம்மா பக்கத்து இடத்தையே வேண்டாம் என்று எழுதுகிற அளவுக்கு வீம்பு! வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கமிட்டி, அன்று பட்டியலை முடித்துவிடுவார்கள். சாமுவேல் சார் பேனாவை மூடினார், திறந்தார். கம்பெனியில் ஆளை வேலையைவிட்டு அனுப்புகிற அதே மெல்லிய குரலில் கேட்டார்: "லெட்டர் 'வரலை'ன்னுது, நோட்டு 'வந்தாங்க'ன்னுது. எது பொய்னு மினிட்ஸ்ல போடட்டும் சிஸ்டர்?"

கரண்ட் போன சனிக்கிழமை

மறு நாளுக்கு மறு நாள் முதல் சனிக்கிழமை. ஐயாவிடம் சண்டை போடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டே போனேன். கூப்பிடு தூரத்தில் மின்நிலையம் புகை விட்டுக்கொண்டு நிற்கிறது. இங்கே கரண்ட் இல்லை. லிஃப்டும் இல்லை. குடையை ஊன்றி ஊன்றி மூன்று மாடி ஏறினேன். மணியை அமுக்கினேன். நீல வெளிச்சம் வரவில்லை, டேனியல் வரவில்லை, 'அப்பா தூங்கறாரு' வரவில்லை. வந்த கோபத்தில் குடையின் வளைந்த பிடியால் கதவை ஓங்கி அடித்தேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே மியூட் ஆகிவிட்டார்.

கதவு திறந்தது. ஐயா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், கதவைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் பக்கத்தில் ஸ்டூல்மேல் வேதப்புத்தகம், மூக்குக் கண்ணாடி, மூடி வைத்த இரண்டு டம்ளர் தண்ணீர். எனக்கு விளங்கிவிட்டது. முதல் சனிக்கிழமை நான் வருவேன் என்று சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த மாதம் மட்டும் இல்லை, ஆறு மாதமும். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் நான் முணுமுணுத்துவிட்டு டிக் அடித்துக்கொண்டு போயிருக்கிறேன். மணி உள்ளே அடிப்பதே இல்லை என்று பின்னால் டேனியலே சொல்லித் தெரிந்தது. கண்டவனுக்கும் அப்பா கதவைத் திறந்துவிடக் கூடாது என்று மகன் சத்தத்தைத் தன் போனோடு நிறுத்தி வைத்திருக்கிறான். மெஸ்ஸிலிருந்து மதியச் சாப்பாடு வந்தால் முனுசாமி அண்ணன் தடியால் இரண்டு தட்டு தட்டுவாராம். அது கேட்கும், போய் எடுத்துக்கொள்வாராம். அந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் தபாலில் போடக் கொடுத்தாராம்.

நான் சண்டை போட வந்ததெல்லாம் எங்கே போயிற்றோ. அப்படியே செருப்புகூடக் கழற்றாமல் நின்றேன். "நான் மாசா மாசம் வந்தேன் ஐயா. பேப்பரு வெச்சிட்டுப் போனேனே, பாக்கலியா?" என்று அவர் காதருகே கத்தினேன். "பாத்தேன்" என்றார். "பேப்பரு வந்துது. ஆளு வரல." நான் அழ ஆரம்பித்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. வாக்கரை ஒரு கையால் விட்டுவிட்டு, நான் அடித்த இடத்தில் கதவைத் தடவிப் பார்த்தார். "இம்மா நல்லா தட்டத் தெரிஞ்சிகினு, அஞ்சி மாசமா இன்னாமா பண்ணிக்கினு இருந்த?"

டேட்டா

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் ஏழு பேர் உட்கார்ந்து ஏழு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று, ஐயா எழுதினதுதான் உண்மை, நான் பார்த்தது மணியை, ஆளை இல்லை, அந்த ஐந்து டிக்கையும் அழித்துவிடுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. நோட்டில் டிக் இருந்தவரை ஐயா 'சந்திப்பில் அகப்பட்டவர்'. இப்போது நற்கருணையும் இல்லை, சந்திப்பும் இல்லை. அவராகவே எழுதின கடிதம் வேறு. உண்மையைச் சொல்லி நானே அவர் பெயருக்குக் குழி தோண்டியாயிற்று. சாமுவேல் சார் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். "நேத்து பாத்தேனே சார், அது சந்திப்பு இல்லியா?" என்றேன். சந்திப்புக் கணக்கு போன மாதக் கடைசி தேதியோடு முடிந்ததாம்.

"நற்கருணை எடுத்தா பேரு நிக்கும்தானே?" என்று கேட்டேன். பட்டியலில் கையெழுத்து ஆகுமுன் எடுத்தால் நிற்கும் என்றார். "லெட்டரத் திருப்பி வாங்கிக்கினா?" அதற்கும் நிற்கும். "அப்ப இன்னிக்கே போலாம் வாங்க. பேரை எடுக்கறவங்க அந்தப் பேருக்குரிய மூஞ்ச ஒருவாட்டி பாத்துட்டு எடுங்க." ஏழு போனும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன. பாஸ்டருக்கு அடுத்து ஒரு ஞானஸ்நான விருந்து இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து நற்கருணைப் பெட்டியை எடுத்தார். சாமுவேல் சாரும் வேறு வழியில்லாமல் எழுந்தார், ஆனால் கொள்கையை விடவில்லை. "நான் யாரையும் வெளிய அனுப்பலை சிஸ்டர். டேட்டாவை கிளீன் பண்றேன், அவ்ளோதான்."

மூன்று பேர், ஒரு குடை

மணியை அமுக்காதீர்கள், தட்டுங்கள் என்று படியேறும்போதே சொன்னேன். கேட்டால்தானே! சாமுவேல் சார் அமுக்கினார். கரண்ட் வந்துவிட்டிருந்தது, நீல வெளிச்சம் எரிந்தது. "யெஸ்? அப்பா தூங்கறாரு." படித்த மனிதர்கள் இரண்டு பேரும் அந்தக் கண்ணுக்கு முன்னால் எப்படிக் குழைந்தார்கள் என்கிறீர்கள்! சாமுவேல் சார் தலைமுடியைச் சரிபண்ணிக்கொண்டார். பாஸ்டர், "ஸ்தோத்திரம் பிரதர், அப்பாவுக்காக ஒரு சின்ன ஜெபம்..." என்று கண்ணையே மூடிவிட்டார். என்னைப்போல் ஐந்து மாதம் தேவைப்படவில்லை, ஐந்து விநாடி போதுமாயிருந்தது. நான் இருவரையும் தள்ளிக்கொண்டு குடைப்பிடியால் கதவை அடித்தேன்.

ஐயா திறந்தார். மணிக்குள்ளிருந்து பதறின குரல்: "அப்பா! யாருக்கு டோரைத் தொறக்கறீங்க? தெரியாதவங்களுக்குத் தொறக்காதீங்கன்னு சொன்னேன்ல!" மணி பேசும் என்பதே ஐயாவுக்கு அன்றுதான் தெரியும். வாசல்வரை வந்து, குனிந்து, காதை அதனிடம் கொடுத்துக் கேட்டார். பிறகு அந்தக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "டேனி, இதுக்குள்ளியாடா கீற? வெளிய இன்னாடா வேல, ஊட்டுக்குள்ள வா." நீல வெளிச்சம் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அணைந்தது.

நற்கருணை நடந்தது. பாஸ்டர் தொண்டை கிழியக் கத்தி வாசித்தார். எதிர்வீட்டிலிருந்து யாரும் அசோசியேஷனுக்கு எழுதவில்லை. பாஸ்டர் விருந்தை மறந்துவிட்டுப் பாய்லர் கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் சாமுவேல் சார், ரூத்தம்மா பக்கத்து இடம் ஐயாவுக்குத்தான், பெயர் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டு, பைலுக்காகக் கடிதத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளும்படி நீட்டினார். ஐயா அதைக் கையால்கூடத் தொடவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்து முதலில் எனக்கு நீட்டினார். பிறகு செயலரைப் பார்த்துச் சொன்னார்: "நீயே பத்திரமா வெச்சிக்கோ நைனா. அடுத்த மாசம் ஆளு வரலன்னா தேதிய மட்டும் மாத்திக்கலாம்."

ஆண்டவருக்கு முணுமுணுத்தாலும் கேட்கும் என்கிற தைரியத்தில் ஐந்து மாதம் ஓட்டிவிட்ட நான், ஞானமுத்து ஐயாவுக்கு அப்படிக் கேட்காது என்பதால் இப்போதெல்லாம் மழை இல்லாத நாளிலும் குடையோடுதான் வீடு சந்திப்புக்குப் போகிறேன்.